பிழையில்லாத முன்பக்கம்

ஜெயசிங் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். கேட்டின் கொக்கி விழுந்த சத்தம் கேட்டது, அவர் இருமிக்கொண்டே சரிவில் இறங்கிய சத்தமும் கேட்டது, இனி வெட்டவேண்டியதுதான் பாக்கி என்று சுகிர்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லிப் பார்த்தாளே தவிர கை கத்தரிக்கோல் பக்கம் போகவில்லை. கத்தரிக்கோல் கட்டில்மேல் தலையணையை ஒட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது அவருடைய ஸ்வெட்டர். சாம்பல் நிறம், வெயிலில் பார்த்தால் கொஞ்சம் நீலம் ஓடும். முன்பக்கத்தில் மூன்று ஜடை. இரண்டு ஓரத்திலும் ஒல்லியானவை, நடுவில் பட்டையாக ஒன்று, கழுத்திலிருந்து அடிவரைக்கும் பிணைந்து, பிரிந்து, மறுபடி பிணைந்து இறங்குகிறது. அந்த நடு ஜடையின் நட்டநடுவே மேலிருந்து கீழாகச் சிவப்பு நூலில் ஒரு ஓட்டுத்தையல் போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டில்தான் வெட்டு. தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டரை முன்பக்கம் திறந்து, பொத்தான் வைத்த ஸ்வெட்டராக ஆக்க வேண்டும், வெட்டையாவது அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தையும் ஒரு பனிக்காலத்தையும் தின்று ஏப்பம் விட்ட வேலை இது, வெட்டுவதற்கு ஒரு பாட்டுப் பாடுகிற நேரம்கூட ஆகாது. வெட்டியபிறகு வெட்டாததாக ஆக்க முடியாது. கொடைக்கானலில் ஸ்வெட்டர் இல்லாத வீடு இல்லைதான், ஆனால் இப்படி ஒரு முன்பக்கம் இந்த மலையில் இன்னொன்று கிடையாது. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருந்ததில்லை, பார்க்கிறவர்களுக்குக் கண் இருக்கிறதே. அப்படியும் கண் இல்லாதவர்களுக்கு ஜெயசிங் இருந்தார். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ், ஆராதனை முடிந்து எல்லோரும் கேக்கும் தேநீருமாகக் கோயில் வாசலில் நின்றபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சபை ஐயரிடமே சவால் விட்டார். "இதுல ஒரு தப்பு கண்டுபிடிங்க ஐயரே, பாப்போம்." ஐயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து அவர் வயிறுவரைக்கும் தேடினார். சும்மா இருங்க என்று சுகிர்தா புருஷனின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததில் பலம் இல்லை. ஐயர் இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்றுதான் இருந்தது.

அவளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவர் என்று ஒருவரும் கிடையாது, அதுவும் அவளுடைய பெருமைக் கணக்கில்தான் சேரும். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில், பழைய பேப்பர்க் கடையில் கட்டாகக் கிடந்த வெளிநாட்டுப் பின்னல் புத்தகங்களைப் படத்துக்காக வாங்கிவந்தாள். படத்தைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. இங்கிலீஷ் தெரியும் என்ற தைரியத்தில் படிக்க உட்கார்ந்தால் அது இங்கிலீஷே இல்லை. கே, இரண்டு, டி, ஓ, ஜி என்று ஒட்டிக்கொண்டு நின்ற எழுத்துக்களை ஏதோ நூல் கம்பெனியின் பெயர் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னு என்பதை இப்படியா மென்று முழுங்கி எழுதுவார்கள். படத்தைப் பார்த்தே பழகியதால் ஊசியில் நூல் சுற்றுகிற திசை மாறிப்போய், முதல் சில வருஷம் அவள் பின்னியதில் ஒவ்வொரு கண்ணியும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு முறுக்கி நின்றது. துணி விறைப்பாக வரும். நம்முடைய கை இறுக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு வேறொரு புத்தகத்தில் சரி, தவறு என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தான், தவறு என்று போட்டிருந்தது அச்சு அசலாக அவளுடைய கை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்த குல்லா, மப்ளர், மகனுடைய குட்டிச் சட்டை எல்லாவற்றையும் பிரித்து உருண்டையாகச் சுற்றிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஜெயசிங் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, நூல் உருண்டைகளை ஓரமாக உருட்டிவிட்டுத் தனக்கு உட்கார இடம் பண்ணிக்கொண்டார். மனுஷனிடம் அந்த நல்ல குணம் உண்டு, கேட்கக்கூடாததைக் கேட்கமாட்டார். அதுவேதான் இன்றைக்கு உறுத்துகிறது. அவர் கேட்பதில்லை, சரி. சொல்வதும் இல்லையே.

படிப்பென்றால் அவளுக்கு இப்போது இரண்டு படிப்பு. ஒன்று புத்தகம். துப்பறியும் நாவலைத் துணிமாட்டுகிற கிளிப்பால் விரித்துப் பிடிக்கவைத்து மேஜையில் நிறுத்திவிட்டு, கண் அதிலும் கை இதிலுமாக இருப்பாள். இதே ஸ்வெட்டரின் முதுகில் ஓரிடத்தில் ஒரு வரிசை மற்றதைவிட இறுக்கமாக இருக்கும், கொலை செய்தது மைத்துனன் என்று தெரிந்த இடம் அது. அது தப்பில்லை, கையின் மூச்சு, அலசினால் சரியாகிவிடும். ஆனால் முன்பக்கம் ஆரம்பித்த அன்று கொலைகாரர்களையெல்லாம் அலமாரியில் பூட்டிவிட்டாள். இன்னொரு படிப்பு ஆட்களைப் படிப்பது. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது முன்வரிசை முதுகுகளைப் படிப்பாள். அந்த ஸ்வெட்டர் மெஷின் வேலை, இது கைவேலை, கையும் ஒரு கையில்லை, தோளுக்குமேல் வேறு யாரோ முடித்துக்கொடுத்திருக்கிறார்கள், அதோ அந்தப் பிள்ளையின் குல்லாவில் கண்ணி நழுவி, பிறகு பார்த்துப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள், பாவம், அவசரம் போல. இப்படி ஊர் முதுகையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு வீட்டிலிருக்கிற முதுகைப் படிக்கத் தெரியவில்லை என்றால் இந்தப் படிப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. வெளியே பனி இறங்கி, எதிர்வீட்டுத் தகரக் கூரையை முதலில் அழித்தது, பிறகு தைல மரத்தை அழித்தது. ஜன்னலைச் சாத்தலாமா என்று நினைத்தாள். வெளிச்சம் போய்விடும். வெளிச்சம் போனால் வெட்ட முடியாது. வெட்ட முடியாவிட்டால் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

காலையில் பார்த்திருக்கக் கூடாது. பார்க்காமலும் இருந்திருக்கக் கூடாது. காப்பி டம்ளருடன் வந்தாள், கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே அறை நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார், தலையில்லாமல். ஸ்வெட்டர் முகத்தில் ஏறி அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தது. வலது கை ஒழுங்காகச் சட்டைக்கையில் நுழைந்து வெளியே வந்திருந்தது. இடது கைதான் நெஞ்சுக்கு மேலே போகமாட்டேன் என்று மடங்கி உள்ளேயே கிடந்தது. அவர் இழுக்கவில்லை, உதறவில்லை, இழுத்து உதறி முடித்த பிறகுதான் அவள் வந்திருக்கிறாள் போல. சும்மா நின்றார். வாய் இருக்கிற இடத்தில் ஜடை உள்ளே போய்ப் போய் வெளியே வந்தது, மூச்சு. ஒரு குரல், ஒரே ஒரு சுகிர்தா என்ற குரல், பக்கத்தில் அடுப்படியில்தான் அவள் இருக்கிறாள் என்று தெரியும், ஆனால் கூப்பிடவில்லை. இரண்டெட்டு வைத்தால் போய்ப் பிடித்து இறக்கிவிட்டிருக்கலாம். அவள் பின்வாங்கினாள். சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய், அங்கே போனபிறகு வேண்டுமென்றே குக்கரையும் தட்டையும் உருட்டிச் சத்தம் போட்டாள், தான் தூரத்தில் இருப்பதாக அவர் நம்ப வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்தார். "காப்பி ஆறிருச்சா?" என்றார். "சுட வைக்கிறேன்," என்றாள்.  அவர் பேப்பரை விரித்துக்கொண்டு தண்ணீர் வராத செய்தியை உரக்கப் படித்தார்.

தோள் இறுகியிருப்பது தெரியாத விஷயமில்லை. சர்க்கரைக்காரங்களுக்கு இப்படி வரும், ஒருநாள் தானாகவே விட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எந்த நாள் என்றுதான் சொல்லவில்லை. லேசா ஒரு பிடிப்பு என்பார் ஜெயசிங், கேட்டால். கோயில் பாடகர் குழுவுக்கு இத்தனை வருஷமாக இரண்டு கையையும் வீசிப் பாட்டு நடத்தியவர், இப்போது வலது கையால் மட்டும் நடத்துகிறார். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "ரெண்டு கையும் ஒரே பாட்டைத்தானே சொல்லுது, ஒண்ணப் பாத்தாப் போதும்," என்று குழுவிடம் சொன்னாராம், எல்லோரும் சிரித்தார்களாம். பொத்தான் வைத்த சட்டை, முன்பக்கம் ஜிப் வைத்த ஜெர்கின், அதெல்லாம் சமாளித்துவிடுவார், கெட்ட கையை முதலில் விட்டு, முதுகைச் சுற்றி, நல்ல கையை அப்புறம் விட்டு. தலைவழியாக மாட்டுவதுதான் முடியாது. இது அவள் மண்டையில் ஏன் ஏறவில்லை. இந்தக் குளிர்காலம் பூராவும் ஸ்வெட்டரைப் போடாமல் இருந்தாரே, ஏன் என்று கேட்டதற்கு "வேக்குது" என்றாரே. தை மாதக் கொடைக்கானலில், குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற காலத்தில், வேக்குதாம். அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்பாததைத் தவறான பக்கமாக நம்பாமல் போனாள், அதுதான் கோளாறு. அலுத்துவிட்டது என்று நினைத்தாள். எவனோ கிண்டல் பண்ணியிருப்பான், வயசுக்கு மிஞ்சின டிசைன் என்று, இவர் கழற்றிவைத்துவிட்டார். அவளும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை, மூக்குமேல் கோபம், பாச்சை உருண்டை போட்டு மஸ்லின் துணியில் சுற்றி அலமாரியில் வைத்து, கதவை அவர் காதில் விழுகிறமாதிரி சாத்தினாள். அதற்கப்புறம் அவருக்கென்று ஒன்றும் பின்னவில்லை. யாருக்கென்று இல்லாமல் காலுறையாகப் பின்னித்தள்ளினாள். அவர் அந்தக் குளிரில் ஜெர்கினை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக் காலையில் அவள் அடுப்படியில் இருக்கிற நேரம் பார்த்து அலமாரியைத் திறந்து, மஸ்லினைப் பிரித்து, போட்டுப் பார்த்திருக்கிறார். கோபத்தில் இருக்கிறாள், போட்டுக்காட்டிச் சரிபண்ணலாம் என்று நினைத்திருப்பார். இதை நினைத்ததும் அவளுக்கு எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்தாள். ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வேறு வழி இல்லையா என்று யோசிக்காமல் இல்லை, சோறு வடித்தது, துணி காயப்போட்டது எல்லாம் அந்த யோசனையோடுதான். தோளில் திறந்து அங்கே மூன்று பொத்தான் வைக்கலாம், நடு ஜடை தப்பிக்கும். ஆனால் அது கைக்குழந்தை ஸ்வெட்டர், தொட்டில் பிள்ளைகளுக்குத்தான் தோளில் பொத்தான், அதை அவர் கையில் கொடுத்தால் நான் பார்த்துவிட்டேன் என்று கடுதாசி எழுதிக் கொடுத்தமாதிரி ஆகும். ஜடைக்குப் பக்கவாட்டில் வெறும் இடத்தில் வெட்டலாம், அப்போதும் ஜடை தப்பிக்கும், ஒருபக்கமாக மூடுகிற கோட்டு மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களெல்லாம் இதென்ன புதுமாதிரி என்று கேட்பார்கள். அவரும் ஏன் என்று கேட்டுக்கொள்வார், கேட்டுக்கொண்டால் கண்டுபிடித்துவிடுவார். கூடாது. நடுவில் திறக்கிற, கொடைக்கானலில் எல்லா ஆம்பளையும் போடுகிற, ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஸ்வெட்டராக இருக்க வேண்டும். அதற்கு நடு ஜடை போக வேண்டும். வெட்டின ஓரம் உள்ளே மடிந்து, அதன்மேல் பொத்தான் பட்டை வரும், ஜடை பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பட்டைக்கு அடியில் புதைந்துபோகும். யார் கண்ணிலும் படாது. நூல் போதாமல் போய், அதே நிறம் என்று வாங்கிவந்தது வேறு சாயத்தொட்டி நூலாகப் போய், மத்தியானத்தில் ஒன்றுபோலவும் சாயங்காலத்தில் இரண்டாகவும் தெரிந்து, அதைப் பிரித்து, மதுரைவரைக்கும் ஆள் சொல்லிவிட்டுச் சரியான நூலை வரவழைத்துப் பின்னிய ஜடை. கண்ணி எண்ணும்போதெல்லாம் ஜெயசிங் "சுகிர்தா, என் கண்ணாடி எங்க?" என்று கேட்டு எண்ணிக்கையைக் கலைத்து, கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்க, மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பின்னிய ஜடை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இருக்கட்டும், இது நிஜமாகவே பொன்.

வெட்டினால் அவிழ்ந்துவிடாதா என்ற பயத்தை அவள் மத்தியானமே பார்த்துவிட்டாள். வடக்கே எங்கோ தீவில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரம்மாள், ஸ்வெட்டரைக் குழாய்போலப் பின்னிவிட்டுப் பிறகு கத்தரியால் நடுவில் திறப்பதைச் சாதாரண விஷயம்போல் எழுதியிருந்ததை பலமுறை படித்திருக்கிறாள். அவர்கள் ஊரில் காலங்காலமாக அப்படித்தானாம். கண்ணி மேலிருந்து கீழேதான் ஓடும், பக்கவாட்டில் ஓடாது, ஓரத்தைத் தைத்துப் பிடித்துவிட்டால் எங்கேயும் போகாது என்று எழுதியிருந்தாள். படிக்கும்போதெல்லாம் சுகிர்தா, நல்லது தாயே, உன் கழுத்து உன் கத்தி என்று பக்கத்தைத் தள்ளிவிடுவாள். இன்றைக்கு மீந்த நூலில் ஒரு கைக்குட்டை அளவுக்கு மாதிரித் துண்டு பின்னி, அதிலும் ஒரு ஜடை போட்டு, நடுவில் தைத்து, அடுப்படியில் நின்றுகொண்டு வெட்டிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது. ஆனால் துண்டு துண்டுதான். துண்டில் ஒருவரும் குனிந்து தப்புத் தேடவில்லை. துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் கோயில் வாசலில் நெஞ்சை நிமிர்த்தவில்லை. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நூலில் நெருக்கமாகக் கெட்டித்தையல் போட்டு முடித்திருந்தாள், ஜடை குறுக்கே தாண்டுகிற இடமெல்லாம் ஊசியை இரண்டுதரம் விட்டு எடுத்திருந்தாள். இனித் தைக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, அவளுக்கு உயிர் போய் வந்தது. அவராக இருக்க முடியாது. அவர் தட்டமாட்டார்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின்தான். உறைமோர் கேட்டு வந்தவள், கிண்ணத்தோடு படுக்கையறைவரைக்கும் வந்துவிட்டாள்.

"என்னக்கா, அண்ணன் ஸ்வெட்டர் நடுவுல செகப்பு? புது டிசைனா?"

"ஆமா."

"உங்களுக்குப் பொறுமை சாஸ்திக்கா. இந்த ஜடையெல்லாம் இப்ப மெஷின்லயே வருது, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட தொங்குது பாருங்க, இதேதான், அச்சா இதேதான். பேசாம நீங்களும் ஒரு மெஷின வாங்கிப் போட்டீங்கன்னா டக்கு டக்குன்னு ஆயிரும். கையி எதுக்கு நோகணும்?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லி, மோரை ஊற்றி, கிண்ணத்தைக் கையில் கொடுத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அச்சா இதேதானாம். பஸ் ஸ்டாண்டில் தொங்குகிறதாம். இவளுக்குப் போன வருஷம் குல்லா பின்னிக் கொடுத்தாளே, அதைச் சொல்ல வேண்டும், அதை இவள் தேநீர்ப் பாத்திரத்துக்கு மூடியாகப் போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தாள். உப்புப் பெறாத பேச்சு, ஆனால் உடம்பெல்லாம் சூடேறியது, அந்தச் சூடு நல்லதாகப் போயிற்று. மெஷின் பின்னும், சரி. மெஷின் வெட்டுமா? தான் பின்னியதிலேயே உயர்ந்ததை எடுத்து, ஒருத்தருக்காக, ஒருத்தரிடமும் சொல்லாமல், நடுவில் வெட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் உங்கள் மெஷினை. அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜடையைப் பின்னியபோது வந்த பெருமையைவிட இது பெரிதாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

அடியிலிருந்து ஆரம்பித்தாள். கத்தரிக்கோலின் கீழ் அலகை உள்ளே விட்டு, முதுகுப்பக்கம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு காலண்டர் அட்டையைச் சொருகிக்கொண்டு, முதல் இழை. சத்தமே பெரிதாக இல்லை, மாடு புல்லைக் கடிக்கிறமாதிரி ஒரு சின்னச் சத்தம். அடுத்த இழை. சிவப்பு நூல் துண்டு துண்டாக உதிர்ந்தது. ஒவ்வொரு இழையாகத்தான் வெட்டினாள், துணி வெட்டுகிறமாதிரி சர்ரென்று விடவில்லை, ஒவ்வொன்றும் தான் விரலால் ஊசியில் ஏற்றிய இழை, ஒவ்வொன்றுக்கும் மரியாதை கொடுத்து அனுப்ப வேண்டும். இது அவர் தொப்பை விழும் இடம், இங்கே கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தாள், அவர் அதைச் சொல்லிக் கோபித்துக்கொண்டார், அவ்வளவு தொப்பை எங்கே இருக்கு என்று. இது நெஞ்சு. இந்த இடத்தில்தான் காலையில் மூச்சு போய் வந்தது. கை நின்றது. இதற்குமேல் போகாவிட்டால் பாதி வெட்டின ஸ்வெட்டர், ஒன்றுக்கும் ஆகாது. கர்த்தாவே என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கழுத்துப்பட்டையின் கெட்டி ஓரம் கடைசியாகக் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அதையும் வெட்டினாள். ஸ்வெட்டர் இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்ந்து திறந்துகொண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட நூல் முனைகள் பூனை மீசைபோல் சிலிர்த்து நின்றன. ஒரு கண்ணி ஓடவில்லை. ஒன்றுகூட ஓடவில்லை. இழுத்துப் பார்த்தாள், கொஞ்சம் பலமாகவே இழுத்துப் பார்த்தாள், கெட்டித்தையல் அத்தனையையும் பிடித்துக்கொண்டு நின்றது. கண் நிறைந்துவிட்டது. நம்முடைய கை, எவ்வளவு நல்ல கை என்று நினைத்துக்கொண்டாள், வெட்கமில்லாமல். அந்தத் தீவுக்காரம்மாளுக்கு இதைக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

இனி அவரிடம் என்ன சொல்வது என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது. காலையிலிருந்து வெட்டுவதைப் பற்றியே யோசித்தவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எலி கடித்தது என்றால் பொறி வாங்கிவந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார். பூச்சி அரித்தது என்றால் எங்கே ஓட்டை என்பார். இப்போது இதுதான் ஃபேஷன் என்றால், சுகிர்தா ஃபேஷன் பார்க்கிறாளாம் என்று பாடகர் குழு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், சிரித்துவிட்டு ராத்திரி யோசிப்பார். எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி அந்த அறைக்கதவுக்கே வந்து நிற்கும். நான் பார்த்தேன் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லலாம். பொத்தான் பட்டை பின்னி முடிக்கும்வரை அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டு அதற்குள் யோசிக்கலாம் என்று மஸ்லினை எடுக்கத் திரும்பினபோது கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது. நேரமாகவில்லையே. இருமல் வந்தது, செருப்பு வந்தது, பின்கதவு வழியாக வந்துவிட்டார், தாழ்ப்பாள் போட்டது வாசல் கதவைத்தான். கட்டிலில் ஸ்வெட்டர் திறந்து கிடந்தது. கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது.

"பாதிப் பேரு வத்தலகுண்டு கல்யாணத்துக்குப் போய்ட்டாங்க. யாரை வச்சுப் பாடுறது, அதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அறை வாசலில் நின்றார். ஸ்வெட்டரைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். "என்ன சுகிர்தா இது?"

எலியும் பூச்சியும் ஃபேஷனும் அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றன. அவர் முகத்தைப் பார்த்தாள். வெட்டுப்பட்டது ஸ்வெட்டரில்லை, தானே என்பதுபோல் வெளுத்திருந்தது. அவள் வாயிலிருந்து வந்தது அவள் தயார்பண்ணின எதுவும் இல்லை.

"அதுல ஒரு தப்பு இருந்துச்சுங்க."

"தப்பா?"

"முன்பக்கத்துல. நான் பின்னும்போது விட்டது. இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. பட்டதுக்கப்புறம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் வெட்டிட்டேன். பட்டை போட்டுப் பொத்தான் வச்சுத் தாரேன், முன்னாடி திறக்கிற மாதிரி." சொல்லும்போது காது இரண்டும் எரிந்தது. பொய் சொல்வதால் இல்லை. இந்தப் பொய்யைச் சொல்வதற்குப் பதில் கையை வெட்டிக்கொள் என்று யாராவது சொல்லியிருந்தால் நேற்றுவரை யோசித்திருப்பாள்.

ஜெயசிங் உள்ளே வந்து ஜெர்கினின் ஜிப்பை இறக்கி, நல்ல கையைக் கழற்றி, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, கெட்ட கையை மெதுவாக உருவினார். கட்டிலிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார், ஓரம் பிரிந்துவிடுமோ என்று பச்சைப்பிள்ளையைத் தூக்குகிறமாதிரி எடுத்தார். "பிரியாதுங்க, தச்சிருக்கேன்," என்றாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். இடது கை முதலில் போயிற்று. பிறகு முதுகைச் சுற்றி, வலது கை. தோள் ஓரிடத்தில் நின்றது, நின்றபிறகு தாண்டியது. அவள் எழவில்லை. எழாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது, கத்தரிக்கோலைப் புடவை முந்தியில் துடைத்துக்கொண்டிருந்தாள், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஸ்வெட்டர் அவர் தோளில் போய் உட்கார்ந்தது. அவர் கண்ணாடி முன்னால் போய் இரண்டு ஓரத்தையும் இழுத்து நெஞ்சின் நடுவில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் மறுபடி ரத்தம் வந்திருந்தது.

"சுகிர்தா, அந்தத் தப்பு இருக்குல்ல," என்றார். "நான் அதை அப்பவே பாத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல. இங்கதானே?" என்று விரலை வைத்தார். ஜடைக்கெல்லாம் வெகு தூரத்தில், விலாவுக்குக் கீழே, ஒரு டிசைனும் இல்லாத வெற்றிடத்தில் வைத்தார். ஊசி பிடிக்கத் தெரிந்த முதல் வாரத்துப் பிள்ளைகூடத் தப்புவிடாத இடம். அங்கே தப்பிருந்தால் நடுவில் எதற்கு வெட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. விரல் எங்கே இருக்கிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது, சிரிக்கப்போகிறவர்போலவும் இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் கதவு, அடுப்படியில் குக்கர் சத்தம், எல்லாமே தெரிந்திருக்கிறது. அந்த வெற்றிடத்தில் வரிசை வரிசையாகக் கண்ணிகள் ஒன்றுபோல் படுத்திருந்தன, மலையில் எவரும் குனிந்து எத்தனை நேரம் தேடினாலும் குறை சொல்ல முடியாத கண்ணிகள், அவளுடைய கண்ணிகள்.

"ஆமாங்க," என்றாள் சுகிர்தா. "அங்கதான்."